பேட் தட்டி பீட் போடுபவர்களுக்கு: பிளகின் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரைச் சுற்றி, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை பக்கம் வீட்டு அறையில் பீட் போடும் நம் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிளகின் என்பது இசை மென்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருள் கருவி. பெரும்பாலோர் கையில் இருப்பது பேட் தட்டி வாசிக்கும் பெட்டியான மஷீன் எம்கே3, இல்லாவிட்டால் அகாய் நிறுவனத்தின் எம்பிசி. பதில்களும் அவற்றை ஒட்டித்தான். மஷீன் என்று நான் சும்மா சொல்லும் இடங்களில் எம்கே3 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளகின் ஓடுவது பெட்டிக்குள்ளா, கணினிக்குள்ளா?

கணினிக்குள். மஷீன் எம்கே3 தனியாக ஒரு சத்தமும் எழுப்பாது. அதிலுள்ள 16 பேட், 8 நாப், இரண்டு கலர் திரை எல்லாம் கணினியில் ஓடும் மென்பொருளை இயக்கத்தான். கூடவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருப்பதால் ஹெட்ஃபோனைப் பெட்டியில் மாட்டுகிறோம். அதனால்தான் ஒலியும் அங்கேயே உண்டாகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கனமான பிளகின் வாங்கும் முன் பார்க்க வேண்டியது கணினியின் ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டியில் மிச்சமுள்ள இடம் ஆகியவற்றை.

நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2009-இல் முதல் மஷீனை வெளியிட்டபோது வேறு நிறுவனத்தின் பிளகினை அதற்குள் ஏற்ற வழியே இல்லை. 2011-இல் வந்த 1.6 பதிப்பில்தான் அந்தக் கதவு திறந்தது. மிகப் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "முடியாதாமே" என்று கேட்பவர்களுக்கு: இப்போது முடியும்.

கணினியே இல்லாமல் ஓடும் எம்பிசி லைவ், எம்பிசி ஒன், மஷீன் பிளஸ் இருக்கிறதே. அவற்றில் நான் வாங்கிய விஎஸ்டியைப் போடலாமா?

தனியாக ஓடும்போது முடியாது. அந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான அமைப்பு. விஎஸ்டி என்பது பிளகினின் ஒரு பொது வடிவம். நீங்கள் வாங்கியது விண்டோஸுக்கோ மேக்குக்கோ எழுதப்பட்டது. அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் மட்டும்தான் அதில் ஓடும். அகாய் அப்படிச் சில கருவிகளை விற்கிறது. மஷீன் பிளஸில் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் தேர்ந்தெடுத்த சில கருவிகள் ஓடும்.

ஆனால் அதே பெட்டியை யூஎஸ்பியில் கணினியோடு இணைத்து கன்ட்ரோலர் முறைக்கு மாற்றினால் கணினியில் உள்ள பிளகின் எல்லாம் கைக்கு வந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு: பிடித்த பிளகின் ஒலியை வீட்டில் சுரம் சுரமாக சாம்பிள் (பதிந்த ஒலித் துண்டு) எடுத்து, அந்த சாம்பிளைப் பெட்டிக்குள் கொண்டுபோவது. எம்பிசியில் இதற்கென்றே ஆட்டோ சாம்பிளர் இருக்கிறது. சுரங்களையும் அழுத்த அளவுகளையும் சொல்லிவிட்டால் தானே வாசித்துப் பதிந்துகொள்ளும். ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் வந்த எம்பிசி60 முதலே இந்தக் குடும்பத்தின் உயிர் சாம்பிளிங்தான். அதனால் இதைக் குறுக்குவழி என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

விஎஸ்டி2, விஎஸ்டி3, ஏயூ: எதை நிறுவுவது?

விண்டோஸ் என்றால் விஎஸ்டி3. மேக் என்றால் விஎஸ்டி3 அல்லது ஆப்பிளின் சொந்த வடிவமான ஏயூ. விஎஸ்டி2-க்குப் புதிதாக உரிமம் கொடுப்பதை, விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018-இல் நிறுத்திவிட்டது, எனவே அது போகிற பாதையில் இருக்கிறது. பழைய பாட்டு ஏதாவது அதை நம்பியிருந்தால் மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிவிட்டேன், ஆனால் பட்டியலில் வரவில்லை.

முதலில் மஷீன் மென்பொருளின் பதிப்பைப் பாருங்கள். பழைய பதிப்புகளுக்கு விஎஸ்டி3 தெரியாது. அப்புறம் பிளகின் எந்த ஃபோல்டரில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் விஎஸ்டி3 எப்போதும் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்ற இடத்தில் இருக்கும். விஎஸ்டி2-க்கு அப்படி நிலையான முகவரி கிடையாது. நிறுவும்போது நீங்கள் காட்டிய ஃபோல்டரை ப்ரிஃபரன்சஸில் பிளகின் பகுதிக்குள் சேர்த்து, ரீஸ்கேன் கொடுக்க வேண்டும்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இன்டெல் மேக்குக்கு மட்டும் எழுதப்பட்ட பழைய விஎஸ்டியை நேட்டிவாக ஓடும் மென்பொருள் ஏற்காது. மஷீனை ரொசெட்டாவில் (இன்டெல் மென்பொருளை ஓட்ட ஆப்பிள் தரும் வழி) திறந்தால் அது வரும், ஆனால் வேகம் குறையும். பிளகினுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுவது நல்லது.

பிளகினை ஏற்றியாயிற்று. திரையில் ஏதேதோ பெயரோடு நாப்கள் வருகின்றன, எதைத் திருகினாலும் ஒன்றும் பிடிபடவில்லை. மவுஸையே எடுத்துவிடுகிறேன். சரியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பேட் உள்ள பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியது கண்ணைக் கணினித் திரையிலிருந்து எடுத்து, காதையும் கையையும் வேலை செய்ய விடுவதற்காக. பிளகினைத் திறந்ததும் மவுஸுக்குப் போய்விட்டால் அந்தப் பயனே போய்விடுகிறது. பிளகின் உங்கள் விரலுக்கு வர வேண்டும், நீங்கள் அதன் திரைக்குப் போகக் கூடாது.

என்கேஎஸ் என்ற முறைக்கு ஏற்பச் செய்யப்பட்ட பிளகின் என்றால் இந்த வேலையை ஏற்கெனவே செய்து கொடுத்திருப்பார்கள். முக்கியமான எட்டு விஷயங்கள் முதல் பக்கத்திலேயே எட்டு நாப்களில் உட்கார்ந்திருக்கும். பெட்டியின் பிரவுசரிலும் ஒலி வகைவாரியாக வரும். மற்ற பிளகின்கள் தங்கள் உள் வரிசைப்படி நூற்றுக்கணக்கான அளவுகளைப் பக்கம் பக்கமாகக் கொட்டும். நீங்கள் பார்த்துக் குழம்புவது அதைத்தான்.

செய்ய வேண்டியது: அந்த சவுண்டின் (மஷீனில் ஒரு பேடுக்குரிய ஒலி) மேக்ரோ பக்கத்தை, அதாவது எந்த நாப் எதை இயக்கும் என்று நாமே ஒதுக்கும் பக்கத்தைத் திறங்கள். லேர்ன் அழுத்தி, பிளகினில் வேண்டிய நாபை ஒருமுறை அசைத்தால் அது பெட்டியின் நாபோடு ஒட்டிக்கொள்ளும். எட்டையும் இப்படி நிரப்புங்கள். நான் எல்லா பிளகினுக்கும் ஒரே வரிசை வைக்கிறேன். முதல் நாப் ஃபில்டர் கட்டாஃப் (ஒலியை எங்கே வெட்டுவது என்ற எல்லை), இரண்டாவது ரெசொனன்ஸ் (அந்த எல்லையின் கூர்மை), மூன்றும் நான்கும் அட்டாக், ரிலீஸ் (ஒலி எழும், அடங்கும் நேரம்). ஐந்து, ஒலியை மெல்ல ஆட்டும் எல்எஃப்ஓவின் வேகம், ஆறு அதன் ஆழம். ஏழு அந்த பிளகினுக்கே உரிய ஏதாவது ஒன்று: டெக்ஸ்டு என்ற பிளகின் என்றால் எஃப்எம் ஆபரேட்டரின் அளவு, வைட்டல் என்றால் வேவ்டேபிளின் நிலை. எட்டு ரிவர்ப். வரிசை மாறாமல் இருந்தால் போதும், சில வாரங்களில் எந்த பிளகினைத் திறந்தாலும் இடது ஓரத்தில் இருப்பது கட்டாஃப் என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

முடிந்ததும் அதை ஒரு சவுண்டாகப் பெயர் போட்டுச் சேமியுங்கள். அடுத்த முறை வெறும் பிளகினைத் திறக்காமல் இந்த சவுண்டைத் திறந்தால் நாப் அமைப்போடு வரும். பேட்டர்ன் (பதிந்த தாளத் துண்டு) ஓடும்போது ஆட்டோ பட்டனைப் பிடித்துக்கொண்டு நாபைத் திருகினால் அந்த அசைவும் பதிவாகும். கட்டாஃப் மெல்லத் திறந்துகொண்டே போகும் ஓர் எட்டு பார் அறிமுகம் கையால் திருகிப் பதிந்தால் எப்படி உயிரோடு இருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். மவுஸால் கோடு வரைந்து அது வராது.

பேட் தட்டியதும் சத்தம் தாமதமாக வருகிறது.

பஃபர் அளவைப் பாருங்கள். கணினி ஒலியை அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் அளவு அது. 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அது மட்டுமே 23 மில்லிசெகண்ட். 512 என்றால் 11.6. 256 என்றால் 5.8. 128 என்றால் 2.9. இதற்கு மேல் இன்டர்ஃபேஸும் டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

விண்டோஸில் மடிக்கணினியின் சொந்த ஒலி அட்டையை நம்பாதீர்கள். மஷீன் எம்கே3-இன் ஏஎஸ்ஐஓ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். மஷீன் மிக்ரோவில் இன்டர்ஃபேஸ் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் சின்னதாக ஒரு தனி இன்டர்ஃபேஸ் வாங்குவது நல்லது.

பஃபர் குறைவாக இருந்தும் தாமதம் என்றால் மாஸ்டரில் (மொத்த ஒலியும் வெளியேறும் இடம்) என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். முன்கூட்டியே பார்த்து அமுக்கும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ இரண்டுமே ஒலியைப் பிடித்து வைத்துத்தான் அனுப்பும். வாசித்து முடிக்கும் வரை அவற்றை அணைத்து வையுங்கள்.

உறுமி மேளம் வேண்டும். எந்த பிளகின் வாங்குவது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளம் நம் ஊரின் தாளம். தயாராகக் கிடைக்கும் லைப்ரரிகளில் தபலாவும் தோலக்கும் தாராளம். உறுமியும் பம்பையும் அரிது. அப்படிக் கிடைத்தாலும் அது நம் குழுக்கள் வாசிக்கும் ஓசையாக இருக்காது. ஆகவே வாங்காதீர்கள், பதிவு செய்யுங்கள். உங்கள் வட்டாரத்திலேயே ஒரு குழு இருக்கும். முறையாகக் கேட்டு, அவர்கள் நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்து, மெத்தை, திரைச்சீலை உள்ள அமைதியான அறையில் பதியுங்கள்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றதை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அந்த உறுமல் வருவது அதிலிருந்துதான். அடியைப் பதிவது சுலபம்: மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று நிலையில், ஒவ்வொன்றிலும் நாலைந்து முறை. தேய்ப்பில்தான் விஷயம் இருக்கிறது. குட்டையான உறுமல், நீளமான உறுமல், கீழிருந்து மேலே ஏறுவது, மேலே போய் இறங்குவது என்று தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நீள உறுமலைப் பதிந்து அதைச் சுருக்கியும் நீட்டியும் பயன்படுத்தினால் செத்த ஒலியாக இருக்கும்.

இனி மஷீனின் சாம்பிளரிலோ, இலவசமாகக் கிடைக்கும் டிசென்ட் சாம்பிளர் போன்ற பிளகினிலோ இவற்றை அடுக்குங்கள். அடிக்கு ஒரு பேட். அதற்குள் அழுத்தம் 1 முதல் 50 வரை மெதுவான அடி, 51 முதல் 95 வரை நடுத்தரம், 96 முதல் 127 வரை ஓங்கிய அடி. உறுமல்கள் ஒவ்வொன்றுக்கும் தனி பேட். இப்போது முக்கியமான ஒரு படி: உறுமல் பேட்கள் எல்லாவற்றையும் ஒரே சோக் குரூப்பில் போடுங்கள். நிஜத்தில் ஒரு தோலை ஒரே குச்சிதான் தேய்க்கிறது, எனவே அடுத்த உறுமல் தொடங்கும்போது முந்தையது நிற்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நாலு உறுமி ஒன்றோடொன்று மோதுவது போல் கேட்கும். செய்தால், இரண்டு விரலை மாற்றி மாற்றித் தட்டும்போது ஒரு கை தேய்ப்பது அப்படியே வரும்.

தாளத்துக்கு: கிரிட்டை (நேரத்தைப் பிரிக்கும் கட்டங்கள்) பதினாறிலேயே விட்டுவிட்டுத் திஸ்ர நடையை அதில் திணிக்காதீர்கள். டிரிப்லெட் கிரிட்டுக்கு மாற்றுங்கள், அல்லது 6/8 வையுங்கள். வாசித்த பிறகு முழு குவான்டைஸ் (அடிகளைக் கட்டத்துக்கு நேராக இழுத்து வைப்பது) வேண்டாம். பாதி குவான்டைஸ் இருக்கிறது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 6-ஆம் பேட். தாளம் நிற்கும், கையின் அசைவும் மிஞ்சும்.

நாதஸ்வரம், வீணை மாதிரி வாசித்தால் பொம்மை கீபோர்டு போல் இருக்கிறது.

கமகம் இல்லாததால். பேட் ஒரு சுரத்தைத் தொடங்கும், நிறுத்தும், நடுவே வளைக்காது. வளைக்க, மஷீனில் உள்ள தொடுபட்டையான ஸ்மார்ட் ஸ்ட்ரிப்பைப் பிட்ச் முறையில் வைத்து இடது கையால் தேயுங்கள். பிளகினில் பிட்ச் பெண்ட் எல்லையைப் பாருங்கள்: பெரும்பாலும் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்று இருக்கும். நாதஸ்வர வகை ஒலிக்கு நாலு அல்லது ஐந்தாக்கினால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிப் போக இடம் கிடைக்கும். ஒரே நேரத்தில் ஒரு குரல் மட்டும் ஒலிக்கும்படி வைத்து லெகாட்டோவையும் கிளைடையும் (சுரங்களை இணைத்துச் சறுக்க விடும் அமைப்புகள்) திறந்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால் ஓரளவுக்கு நம்பும்படி வரும். பாட்டின் முன்னணியில் நாதஸ்வரம் வேண்டும் என்றால் வித்வானைக் கூப்பிடுங்கள். இதில் பிளகினுக்காக நான் வாதாட மாட்டேன்.

இலவச கான்டாக்ட் லைப்ரரி இறக்கினேன். கொஞ்ச நேரம் ஒலித்துவிட்டு நின்றுபோகிறது.

கான்டாக்ட் என்பது நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சாம்பிளர் பிளகின். நீங்கள் வைத்திருப்பது அதன் இலவச கான்டாக்ட் பிளேயர். அதற்கென்று உரிமம் பெறாத லைப்ரரி அதில் 15 நிமிடம்தான் ஓடும். முழு கான்டாக்ட் வேண்டும், அல்லது பிளேயரில் ஓடும் என்று குறிப்பிட்ட லைப்ரரியாகப் பார்த்து இறக்குங்கள்.

கான்டாக்டில் நாலு கருவி ஏற்றியிருக்கிறேன். நாலு பேடுக்கும் நாலு கான்டாக்ட் திறக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு சவுண்டில் கான்டாக்டை வைத்து, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மிடி (எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற தகவல்) சேனல் கொடுங்கள். மற்ற சவுண்டுகளின் மிடி அவுட்டை அந்த முதல் சவுண்டுக்கு, அந்தந்த சேனலில் அனுப்புங்கள்.

ஏழெட்டு பிளகின் போட்டதும் சத்தம் உடைகிறது, கணினி கொதிக்கிறது.

ஏர்கான் இல்லாத கோலாலம்பூர் அறையில், மத்தியான வேளையில், மடிக்கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடியில் காற்று போகும்படி தூக்கி வையுங்கள், சார்ஜரில் போடுங்கள், விண்டோஸில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள்.

உண்மையான தீர்வு வேறு. முடிவான பேட்டர்னை ஆடியோவாக மாற்றுங்கள். மஷீனில் பேட்டர்னின் ஆடியோவை இழுத்து இன்னொரு சவுண்டில் போட்டால் அது சாம்பிளாகிவிடும், பிளகினை நீக்கிவிடலாம். நீக்கும் முன் பிளகினோடு உள்ள பிராஜெக்டைத் தனிப் பெயரில் ஒன்று சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒலி முடிவாகிவிட்டதால் மூன்று நாள் அந்த பேஸ் ஒலியையே நோண்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள். சாம்பிளான பிறகு வெட்டலாம், திருப்பிப் போடலாம், பேட்களில் பிரித்து வைத்துப் புதிதாக வாசிக்கலாம். பல நல்ல பீட் அந்தக் கட்டத்தில்தான் பிறக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள நண்பனுக்கு பிராஜெக்ட் அனுப்பினேன், பாதி ஒலி வரவில்லை என்கிறான்.

பிராஜெக்ட் கோப்பில் பிளகினின் அமைப்பு மட்டும் சேமிக்கப்படுகிறது, பிளகின் அதில் இல்லை. அவரிடமும் அதே பிளகின் இருந்தால்தான் ஒலிக்கும். மேலே சொன்னபடி ஆடியோவாக்கி, சாம்பிள்களையும் சேர்த்துச் சேமித்து அனுப்புங்கள்.

கிராக் செய்த பிளகின் போடலாமா?

கூடாது. அதில் என்ன சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த அப்டேட்டில் பிராஜெக்ட் திறக்காமல் போகும். அதோடு நம் பாட்டை யாரோ காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டால் நமக்கு வலிக்கிறது அல்லவா, கருவி செய்தவருக்கும் அப்படித்தான்.

இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. வைட்டலின் இலவசப் பதிப்பு, சர்ஜ் எக்ஸ்டி, 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் ஒலியைத் தரும் டெக்ஸ்டு, மெல்லிய பின்னணிக்கு லேப்ஸ். இந்த நாலும் கையில் பழகும் வரை ஒரு ரிங்கிட்கூட செலவழிக்க வேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் விலைக் குறைப்பு வரும்போது, எது குறைகிறது என்று தெரிந்து ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

திருமண விருந்தில் மேடையில் வாசிக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முந்தைய கேள்விகளில் சொன்னதுபோல் கனமான பிளகின் எல்லாவற்றையும் ஆடியோவாக்கிவிட்டு, நேரடியாக வாசிக்கப் போகும் ஒன்றிரண்டை மட்டும் உயிரோடு வையுங்கள். பஃபர் 256. வைஃபை, புளூடூத் அணைந்திருக்கட்டும். அப்டேட் எதையும் அந்த வாரம் செய்யாதீர்கள்.

மண்டபத்தில் பெரும்பாலும் வரும் தொல்லை "ஊம்" என்ற இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரும் மண்டபத்தின் மிக்ஸரும் வெவ்வேறு வழியில் எர்த்தாகி, யூஎஸ்பி வழியாக அந்த இரைச்சல் உள்ளே வருகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி வயரில் மட்டும் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் வசதி) உள்ள டிஐ பாக்ஸ் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். மூன்று பின் பிளக்கில் எர்த்தைத் துண்டித்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இங்கே ஓடுவது 240 வோல்ட். முடிந்தால் மணமக்கள் வருவதற்கு முன்பே, விளக்கு, ஏர்கான், புகை மெஷின் எல்லாம் ஓடும்போது ஒருமுறை ஒலி சோதித்துவிடுங்கள். காலி மண்டபத்தில் விளக்கு அணைந்திருக்கும்போது இல்லாத இரைச்சல் அப்போதுதான் தலைகாட்டும்.